மறுக்கப்படும் கவளத்தின் விலை

2007ஆம் ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறந்த இரட்டைக் குழந்தைகளைப் பதின்மூன்று வயது வரை பின்தொடர்ந்த ‘ஜெமினி’ ஆய்வின் முடிவு ஒன்று 2024 செப்டம்பரில் வெளியானபோது, குழந்தை சாப்பிட அடம்பிடிப்பதற்குக் காரணம் வளர்ப்பு அன்று, மரபணுவே என்று செய்தித்தாள்கள் தலைப்பிட்டன. உணவில் அடம்பிடிக்கும் குணத்தில் குழந்தைக்குக் குழந்தை காணப்படும் வேற்றுமையில், 16 மாத வயதில் ஏறத்தாழ 60 விழுக்காடும், 3 வயது முதல் 13 வயது வரை 74 விழுக்காடும் அதற்கு மேலும், மரபணு வேறுபாட்டால் விளக்கப்படுகிறது என்பதே லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் கண்டது. தட்டின் ஓரத்தில் ஒதுக்கப்பட்ட பீன்ஸ் பொரியலைப் பார்த்துத் தம்மையே நொந்துகொள்ளும் பெற்றோருக்கு இச்செய்தி ஆறுதல் தந்திருக்கும். ஆனால் ஆறுதல் சரியானதாக இருந்தாலும், அதற்குச் சொல்லப்பட்ட விளக்கம் அரைகுறையானது.

மரபுவழிப் பங்கு என்று அறிவியலார் கூறும் இந்த விழுக்காடு, ஒரு மக்கள்கூட்டத்துக்குள் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டைப் பற்றியதேயன்றி, தனியொரு குழந்தையின் அடத்தில் முக்கால் பங்கு மரபணுவால் வந்தது என்று பொருள்படாது. அக்குணம் மாறாது என்றும் பொருள்படாது. உயரத்தின் மரபுவழிப் பங்கு இதைவிடக் குறைந்ததன்று, எனினும் நல்ல ஊட்டம் கிடைத்த நாடுகளில் இரண்டு மூன்று தலைமுறைக்குள் சராசரி உயரம் கூடியிருப்பதை யாவரும் அறிவர். ஆகவே எத்தனை விழுக்காடு என்பதைவிட, குழந்தை பிறப்பிலேயே கொண்டுவரும் அமைப்பு எத்தகையது, அது எதனால் இளகும், எதனால் இறுகும் என்பதே கேட்கத்தக்க கேள்வியாகும்.

குழந்தையின் உணவுத் தேர்வு பற்றிய ஆய்வுகளின் வரலாற்றைச் சுருங்கச் சொன்னால் போதும். 1920களில் அமெரிக்க மருத்துவர் கிளாரா டேவிஸ், பால் மறக்கும் பருவத்துக் குழந்தைகளின் முன் பதப்படுத்தாத பலவகை உணவுகளை வைத்து, அவர்களே தேர்ந்து உண்ணுமாறு விட்டபோது அவர்கள் நன்கு வளர்ந்தனர். அந்த மேசையில் பிஸ்கட்டும் மிட்டாயும் வைக்கப்படவில்லை என்பதை மட்டும் அதை மேற்கோள் காட்டுவோர் பலர் மறந்துவிடுகின்றனர். எதையும் தின்னக்கூடிய உயிரினம் புதிய உணவை நாடவும் வேண்டும், அஞ்சவும் வேண்டும் என்ற முரணை 1970களில் உளவியலாளர் பால் ரோசின் விளக்கினார். 1982இல் லியான் பர்ச், இரண்டு வயதுக் குழந்தைகளுக்குப் புதிய உணவுகளை, சிலவற்றை 2 முறையும் சிலவற்றை 20 முறை வரையும் சுவைக்கக் கொடுத்துப் பார்த்து, எதை அதிக முறை சுவைத்தார்களோ அதையே பின்னர் அதிகம் விரும்பினர் என்று காட்டினார். இன்று குழந்தை உணவு நூல்கள் கூறும் அறிவுரைகளில் தேறுவது பெரும்பாலும் இந்த ஆய்வின் வழித்தோன்றலே.

மீண்டும் மீண்டும் சுவைத்தால் ஏன் பிடித்துப்போகிறது என்பதற்கான விடை, குழந்தைகளிடமிருந்து அன்றி எலிகளிடமிருந்தே முதலில் கிடைத்தது. புதிய சுவையுள்ள நீரைக் குடித்த எலிக்கு அரை மணி நேரத்துக்குப்பின் குமட்டல் தரும் நஞ்சை ஊட்டினால், அச்சுவையை அது பின்னர் கடுமையாக வெறுக்கும். நான்கு மணி நேரம் கழித்து ஊட்டினால் வெறுப்பு குறைவாகவே இருக்கும். நேரம் கடந்ததால் நினைவு மங்கியிருக்கலாம் என்று எவரும் எண்ணக்கூடும். 1973இல் ஜேம்ஸ் கலாட்டும் ரோசினும் மூன்றாவது ஒரு குழுவைச் சேர்த்தனர். இந்த எலிகள் புதிய சுவையை ஒரு முறை குடித்தன, மூன்றரை மணி நேரம் கழித்து அதையே மீண்டும் குடித்தன, அதன்பின் அரை மணி நேரத்தில் நஞ்சு ஊட்டப்பட்டது. நினைவு மங்குவதுதான் காரணம் என்றால், அரை மணிக்கு முன்னர்தான் குடித்த சுவையை இவை கடுமையாக வெறுத்திருக்க வேண்டும். மாறாக, நான்கு மணி நேரக் குழுவைப் போலவே இவற்றின் வெறுப்பும் குறைவாகவே இருந்தது. முதன்முறை குடித்தபின் கேடின்றிக் கழிந்த அந்த மூன்றரை மணி நேரத்தில் எலியின் மூளை சும்மா இருக்கவில்லை. இச்சுவையால் தீங்கு வரவில்லை என்ற முடிவை நோக்கி மெல்ல நகர்ந்திருந்தது. இதற்கு அவர்கள் ‘கற்றறிந்த பாதுகாப்பு’ என்று பெயரிட்டனர். மூளை கற்பது ‘இது பாதுகாப்பானது’ என்பதையா, ‘இதனால் குறிப்பாக எதுவும் நேர்வதில்லை’ என்பதையா என்ற விவாதம் பின்னர் எழுந்ததாயினும், உண்டபின் வரும் அமைதியான நேரமும் பாடமாகிறது என்ற உண்மை அதனால் குலையவில்லை.

மளிகைக்கடைக் கடன் நோட்டை அறிந்தவருக்கு இந்த ஏற்பாடு விளங்கும். தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர் கடன் கேட்டால் கடைக்காரர் முற்றாக மறுப்பதுமில்லை, மூட்டை அரிசியைத் தூக்கிக் கொடுப்பதுமில்லை; கால் கிலோ பருப்பைக் கொடுத்து, பெயரை எழுதிக்கொண்டு, ஒன்றாம் தேதிக்காகக் காத்திருக்கிறார். கடன் திரும்பிவந்தால் அடுத்த மாதம் அரைக் கிலோ, அதற்கடுத்த மாதம் எண்ணெயும் சேர்த்து. பணம் தராமல் ஒருவர் வீட்டைக் காலி செய்துகொண்டு போனாலோ, அந்தப் பெயர் ஒரே நாளில் அடிக்கப்பட்டு ஆண்டுக்கணக்கில் நினைவில் நிற்கும். நம்பிக்கை தவணை தவணையாகச் சேர்வதும் அவநம்பிக்கை ஒரே இரவில் முழுமை பெறுவதும் நோட்டுக்கும் நாவுக்கும் பொதுவான நீதியாகும். அதுமட்டுமன்றி, கல்லாவில் பணம் குறைந்தால், இருபது ஆண்டு வாடிக்கையாளர்மீது கடைக்காரருக்குச் சந்தேகம் எழுவதில்லை. நேற்று வந்த புதியவர்மீதே பழி விழுகிறது. 1978இல் ஐலீன் பெர்ன்ஸ்டீன் வெளியிட்ட ஆய்வில், புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சைக்குச் சற்றுமுன் புதுச்சுவை ஐஸ்கிரீம் உண்ட குழந்தைகள், குமட்டலுக்குக் காரணம் மருந்தாக இருந்தும், அந்த ஐஸ்கிரீமைப் பின்னர் ஒதுக்கினர். காய்ச்சல் வரவிருக்கும் நாளில் முதன்முறையாக ஊட்டப்பட்ட கீரை, செய்யாத குற்றத்துக்குத் தண்டனை பெறுவது இவ்வாறே.

நோட்டின் ஒப்புமையை இன்னும் சற்று நீட்டலாம். கடைவாசலில் வெறுமனே நின்று தினமும் வணக்கம் சொல்பவருக்குக் கடன் வரம்பு உயர்வதில்லை. பர்ச் 1987இல் காட்டியபடி, உணவைப் பார்த்துப் பழகிய குழந்தைக்கு அதன் தோற்றம்தான் பிடித்துப்போகிறது, சுவை பிடிக்க வேண்டுமானால் வாயில் வைத்தாக வேண்டும். வட்டச் செயலாளரின் சிபாரிசோடு மிரட்டிக் கடன் வாங்குபவர் தவறாமல் திருப்பிக் கொடுத்தாலும், கடைக்காரர் மனத்தில் அவர் பெயர் சிவப்பு மையில்தான் இருக்கும். வற்புறுத்தி ஊட்டப்பட்ட உணவின் கதையும் அதுவே. முதல் நாளில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு புதியவரை ஏற இறங்கப் பார்க்கும் அந்த விழிப்புக்குக்கூட மூளையில் இடமுண்டு. சுவையைக் கையாளும் இன்சுலா என்ற புறணிப் பகுதியில், புதிய சுவை நாவில் பட்டதும் அசிட்டைல்கோலின் என்ற நரம்புச் செய்தி வேதிப்பொருள் மிகுதியாகச் சுரப்பதையும், சுவை பழகப் பழக அந்தச் சுரப்பு தணிவதையும், மெக்சிகோவின் தேசியப் பல்கலைக்கழகத்தில் பெடரிக்கோ பெர்முதெஸ்-ரட்டோனி குழுவினர் எலிகளில் அளந்துள்ளனர். குழந்தைகளின் மூளையில் இதை அவ்வாறு அளக்க இயலாது. ஆகையால் எலியிலிருந்து குழந்தைக்குத் தாவும் இவ்விடத்தில் எச்சரிக்கை தேவை.

புதிய உணவின்மீதான இந்த அச்சம் ஏன் இரண்டு வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடையில் உச்சம் பெறுகிறது என்று கேட்டால், நடக்கத் தொடங்கிய குழந்தை கண்ட காயையும் இலையையும் வாயில் போட்டு மடியாதிருக்க இயற்கை இட்ட பூட்டு இது என்ற பரிணாம விளக்கம் தரப்படுகிறது. கேட்க அழகான இவ்விளக்கத்தைச் சோதித்துப் பார்ப்பது கடினம். அதைவிட எளிய உண்மை ஒன்றும் உண்டு. முதல் ஆண்டில் பிறப்பு எடையைப்போல் மும்மடங்காகும் குழந்தை, இரண்டாம் ஆண்டில் இரண்டு, இரண்டரைக் கிலோ மட்டுமே கூடுகிறது. வளர்ச்சியின் வேகம் குறையும்போது உடலின் அளவுக்கு ஒப்பப் பசியும் குறைவது இயல்பு. பசி குறைந்ததையும் புதியதன்மீதுள்ள அச்சத்தையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடிவாதம் என்று பெயரிடுவதால்தான் பல வீடுகளில் சாப்பாட்டு நேரம் போர்க்களமாகிறது.

சிக்கல் இங்கிருந்து வீட்டுக் கணக்குக்குள் நுழைகிறது. ஒரு புதிய உணவு ஏற்கப்பட எட்டு முதல் பதினைந்து முறை வரை சுவைக்க நேரலாம் என்று ஆய்வு நூல்கள் சர்வசாதாரணமாக எழுதிச்செல்கின்றன. அத்தனை முறையும் மறுக்கப்படும் உணவுக்கு யார் பணம் கொடுப்பது என்று அவை கேட்பதில்லை. இதைக் கேட்டவர் கெய்ட்லின் டேனியல் என்ற சமூகவியலாளர். பாஸ்டன் வட்டாரத்தில் குறைந்த வருவாயும் உயர்ந்த வருவாயும் உள்ள பெற்றோரை நேர்கண்டு, அவர்கள் கடையில் பொருள் வாங்குவதையும் கவனித்து, 2016இல் அவர் வெளியிட்ட கட்டுரையின்படி, வருவாய் குறைந்த பெற்றோர் பலர் காய்கறியின் நன்மையை அறியாதவர் அல்லர். குழந்தை ஒதுக்கினால் அப்பணம் வீணாகும், அதற்கு ஈடாக வேறொன்று சமைக்கவும் கையில் இருக்காது என்பதால், உறுதியாக உண்ணப்படும் பண்டத்தையே வாங்குகின்றனர். வசதியுள்ள பெற்றோருக்கும் குழந்தையின் மறுப்பு உண்டு, ஆனால் அந்த இழப்பு அவர்களின் மாதக் கணக்கை அசைப்பதில்லை. சத்துணவின் விலையைக் கணக்கிடும் பொருளியலாளர்கள் உண்ணப்பட்டதை மட்டும் எண்ணி, கொட்டப்பட்டதை விட்டுவிடுகின்றனர் என்பது டேனியலின் குற்றச்சாட்டு, அது நியாயமானது.

இந்தியக் குடும்பங்களுக்கு இக்கணக்கு இன்னும் நெருக்கமானது. 2022–23ஆம் ஆண்டின் தேசிய நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, நபர்வாரி மாதச் செலவில் உணவுக்கு ஊரகத்தில் 46 விழுக்காடும் நகரத்தில் 39 விழுக்காடும் போனது. அதற்குள்ளும் பானங்களும் பதப்படுத்தப்பட்ட உணவுகளும் அடங்கிய பிரிவே, ஊரகத்தில் 9.6, நகரத்தில் 10.6 விழுக்காட்டுடன், பெரிய பங்கைப் பெற்றது. இதற்குக் காரணங்கள் பல இருப்பினும், குழந்தையுள்ள வீட்டில் ஐந்து ரூபாய் பிஸ்கட் பொட்டலத்தின் கவர்ச்சி விளங்காத புதிரன்று. வீட்டுப் பொரியல் ஒரு நாள் காரமாகவும் மறுநாள் குழைந்தும் போகலாம். பொட்டலத்தின் சுவையோ எந்த ஊரில் எந்த நாளில் பிரித்தாலும் ஒன்றே என்பதால், முந்திய ஒப்புமையில் அது ரொக்கம் கொடுத்து வாங்குபவரின் இடத்தைப் பெறுகிறது.

இந்தக் கவலையைக் காசாக்கும் வணிகத்துக்குக் குறைவில்லை. குழந்தை சரியாக உண்பதில்லை என்ற அச்சத்தைக் கிளறி, பாலில் கலக்கும் மாவை அதற்குத் தீர்வாகக் காட்டும் விளம்பரங்கள் தலைமுறைகளாக வருகின்றன. இத்தகைய பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற பிரிவில் வைத்து விற்கக் கூடாது என்று இணைய வணிக நிறுவனங்களுக்கு ஒன்றிய வணிக அமைச்சகம் 2024 ஏப்ரலில் அறிவுறுத்த வேண்டியிருந்தது. இனிப்பூட்டிய பானம் வயிற்றை நிரப்பும், பெற்றோரின் மனத்தையும் நிரப்பும். கத்தரிக்காயைப் பற்றி நாவுக்கு எதையும் அது கற்பிப்பதில்லை. ஏழே நாளில் அடத்தைப் போக்குவதாகச் சொல்லும் பயிற்சிகளும் இத்தகையனவே. பரிசு கொடுத்து உண்ணவைக்கலாமா என்பதில்கூட ஆய்வுகள் ஒருமித்துப் பேசவில்லை. ‘இதைக் குடித்தால் அது கிடைக்கும்’ என்ற பேரம் அந்தப் பானத்தின்மீதுள்ள விருப்பத்தைக் குறைத்ததாக 1984இல் பர்ச் கண்டார், சுவைத்துப் பார்த்ததற்காகக் கொடுத்த சிறு ஸ்டிக்கர் கேடு செய்யவில்லை என்று 2011இல் லூசி குக் குழுவினர் கண்டனர்.

மறுப்பின் செலவை யார் சுமப்பது என்ற கேள்விக்குப் பொதுச் சமையலறை ஒரு விடையாகலாம். 1956 முதலான பள்ளி மதிய உணவும், 1982இல் தொடங்கிய சத்துணவும், 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் தமிழ்நாட்டில் பெரும்பாலும் பசியின் கணக்கிலும் வருகைப்பதிவின் கணக்கிலுமே மதிப்பிடப்படுகின்றன. காய்கறி சேர்ந்த சாம்பாரை ஒரு குழந்தை பத்து முறை ஒதுக்கினாலும் அதன் இழப்பு அக்குடும்பத்தின் பையிலிருந்து போவதில்லை என்பதும், பிடிக்காத காயை விரும்பி உண்ணும் பிள்ளைகளின் நடுவே அமர்த்தப்பட்ட குழந்தை அதை உண்ணத் தொடங்குவதை 1980இலேயே பர்ச் கண்டிருந்தார் என்பதும் இம்மதிப்பீட்டில் இடம்பெறத் தக்கவை. தட்டில் மிஞ்சும் காயைக் காட்டித் திட்டத்தில் காயின் அளவைக் குறைக்கச் சொல்வோர், கடன் திரும்பும் முன்பே நோட்டை மூடச் சொல்கின்றனர்.

வீட்டில் செய்யத்தக்கது, மறுப்பின் விலையைச் சுருக்குவது. 2003இல் ஜேன் வார்டில் குழுவினர் நடத்திய சோதனையில், குழந்தைகள் பிடிக்காத ஒரு காயைப் பதினான்கு நாள், நாளொன்றுக்கு ஒரு முறை, சிறிதளவே சுவைத்தனர். அவர்களிடம் விருப்பமும் உண்ணும் அளவும் கூடின. குழந்தைக்கென்று தனியாகச் சமைத்துக் கொட்டுவதை விட்டு, பெரியவர்களின் பொரியலிலிருந்து ஐந்து கிராம் எடுத்து வைத்தால் பதினைந்து முறைக்கும் சேர்த்து 75 கிராம் காய்தான் செலவாகும். உடன் வழக்கமாக உண்ணும் சோறும் பருப்பும் இருப்பதால் குழந்தை பசியோடு எழவும் நேராது. எடை குறைந்துவரும் குழந்தையையும், விரல்விட்டு எண்ணத்தக்க சில பண்டங்களையே ஏற்று, அவையும் குறைந்துகொண்டே போகும் குழந்தையையும் இக்கணக்கில் சேர்க்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். 2013 முதல் உளநல மருத்துவம் இத்தகைய கடும் ஒதுக்கலைத் தனியொரு உணவுக் கோளாறாகவே வகைப்படுத்தியுள்ளது. ஏனைய குழந்தைகளுக்குத் தேவைப்படுவது விலையுயர்ந்த மாவோ மரபணுச் சோதனையோ அன்று. ஒரு துண்டு காய், மறுத்தால் முகம் சுளிக்காத ஒரு பெரியவர், நாளையும் அதே துண்டை வைக்கும் பொறுமை ஆகிய மூன்றே போதும்.