ஸ்ட்ராபெரி வைரஸும் பாடபேதமும்

வைரஸ் உருமாறிக்கொண்டே இருக்கும் என்பதைக் கோவிட் காலத்தில் நாம் எல்லாரும் கேட்டோம். செடிகளைத் தாக்கும் வைரஸும் அப்படித்தான். நுண்ணுயிர்ப் பாடம் நடத்தும்போது இந்த எடுத்துக்காட்டு கைகொடுக்கும்.

என்ன நடந்தது?

கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் 2012, 2013ஆம் ஆண்டுகளில் ஸ்ட்ராபெரிச் செடிகள் குட்டையாகி, வலுவிழந்து, விளைச்சல் குறைந்தது. பல விவசாயிகள் நட்ட வயலையே அழிக்க வேண்டியதாயிற்று. அங்கிருந்து போன நாற்றுகளோடு நோய் அமெரிக்காவின் சில மாநிலங்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

காரணம் இரண்டு வைரஸ்கள். ஒன்று இலை விளிம்பை மஞ்சளாக்குவது. மற்றொன்று இலையில் திட்டுத்திட்டாக நிறம் மாற்றுவது. இரண்டையும் பரப்புவது அசுவினிப் பூச்சி. இதில் சங்கடம் என்னவென்றால், ஒரு வைரஸ் மட்டும் தாக்கினால் செடி பெரும்பாலும் பார்க்க நல்லாத்தான் இருக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் படுத்துவிடும்.

பழத்தோட்டங்களுக்கான ஸ்ட்ராபெரி நாற்றுகளைப் பெரும்பாலும் விதையிலிருந்து வளர்ப்பதில்லை. தாய்ச்செடி விடும் ஓடுதண்டிலிருந்து எடுக்கிறார்கள். தாய்ச்செடியில் வைரஸ் இருந்தால் பிள்ளைச்செடிகளுக்கும் அது போய்விடும். அதனால் தாய்ச்செடியைச் சோதிப்பதுதான் முதல் காவல்.

ஒரே வைரஸில் வேறுபாடு எப்படி?

விளிம்பு மஞ்சள் வைரஸின் மரபுச் செய்தி ஆர்.என்.ஏ.வில் இருக்கிறது, நீளம் ஏறத்தாழ 6,000 எழுத்துகள். அதைப் படியெடுக்கும் நொதிக்கு, எழுதியதைச் சரிபார்த்துத் திருத்தும் வசதி இல்லை. நம் ஏட்டுச்சுவடிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் செய்த பிழை அடுத்த படியிலும் தொடரும். அப்படித்தான் பாடபேதங்கள் வந்தன. சுவடிகளை ஒப்பிட்டு எது எதன் வழி வந்தது என்று பதிப்பாசிரியர் கண்டுபிடிப்பதைப்போல, பல இடங்களில் எடுத்த வைரஸ் மாதிரிகளை ஆய்வாளர்கள் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, குழுக்களாகப் பிரிக்கிறார்கள்.

சோதனைக்கு என்ன சிக்கல்?

பிசிஆர் சோதனை, வைரஸின் ஒரு சிறு பகுதியோடு பொருந்தும் துணுக்கை வைத்துத் தேடுகிறது. கணினியில் 'கோயில்' என்று தேடினால் 'கோவில்' என்று எழுதிய பக்கம் அகப்படாமல் போகலாம், இல்லையா? பொருள் ஒன்றுதான், எழுத்து வேறு. அதேபோல் அந்தத் துணுக்குக்குரிய இடத்தில் சில எழுத்துகள் மாறியிருந்தால், வைரஸ் இருந்தும் 'இல்லை' என்று முடிவு வரலாம். அந்தத் தாய்ச்செடியின் நாற்றுகள் 'நலமான நாற்று' என்ற பெயரில் வயலுக்குப் போய்விடும்.

ஆகவே எல்லாக் குழுக்களிலும் மாறாமல் இருக்கும் பகுதியைத் தேடிப்பிடித்து, அதற்கேற்பச் சோதனையை அமைக்கிறார்கள். அது எந்தப் பகுதி என்று அறிய, பலவிதமான மாதிரிகளை முதலில் படித்தாக வேண்டும். மரபணு வேறுபாட்டு ஆய்வின் பயன் இதுதான்.

வகுப்பில் செய்து பார்க்க

அ, உ, க, ச என்ற நான்கு எழுத்துகளை மட்டும் கலந்து 40 எழுத்து வரிசை ஒன்றை எழுதுங்கள். இரண்டு வரிசை மாணவர்கள், முன்னவர் எழுதியதை மட்டும் பார்த்து வேகமாகப் படியெடுக்கட்டும், அழிப்பான் கூடாது. கடைசித் தாள்கள் இரண்டையும் ஒப்பிட்டு, எந்த எழுத்துகள் மாறின, எந்தப் பகுதி இரண்டிலும் அப்படியே இருக்கிறது என்று வட்டமிடச் சொல்லுங்கள். பிறகு கேளுங்கள்: "சோதனைக்கு நீங்கள் எந்தப் பகுதியைத் தேர்ந்தெடுப்பீர்கள்? ஏன்?"