மகமை

மகமை என்பது வணிகர்கள் தம் சரக்கின் மீது தாமே விதித்துக்கொண்ட பொதுநிதி ஆகும். 19ஆம் நூற்றாண்டில் அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி முதலிய வறண்ட நிலத்து ஊர்களில் நாடார் வணிகர்களிடையே இது வேரூன்றியது.

தெற்கேயிருந்து கருப்பட்டியும் கருவாடும் ஏற்றிவந்த மாட்டுவண்டிகளுக்கு வழிப்பறி அச்சம் இருந்தது. எனவே மதில் சூழ்ந்த பேட்டைகள் எழுந்தன. வண்டி, மாடு, சரக்கு எல்லாம் இரவில் அதற்குள் தங்கின. பேட்டையில் கைமாறும் சரக்கின் மீது பிடித்த சிறு தொகையே அதைக் கட்டவும் பேணவும் பயன்பட்டது.

13ஆம் நூற்றாண்டு அயர்லாந்தில் டப்ளின் முதலான நகரங்களும் சந்தைச் சரக்கின் மீது வரி தண்டி மதில் எழுப்பின. ஆனால் அதற்கு இங்கிலாந்து அரசரின் அனுமதி வேண்டும். அதுவும் குறித்த காலத்துக்கே. மகமைக்கு அரசாணை ஏதுமில்லை. உறவின்முறை வைத்ததே சட்டம். ஒரு சாதிக்குள் நின்ற ஏற்பாடு என்பதே அதன் வலிமை, அதன் எல்லையும்கூட.

வழிப்பயம் குறைந்த பின்னும் மகமை நிற்கவில்லை. பணம் கோயில்களுக்கும் பள்ளிகளுக்கும் திரும்பியது. 1889இல் விருதுபட்டியில் (இன்றைய விருதுநகர்) தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை மகமையாலும், வீடுதோறும் திரட்டிய பிடி அரிசியாலும் நடந்தது. காமராசர் படித்தது அங்கேதான்.