தூக்குவதற்கு முன் ஒரு நிமிடம்: தலை, முள்ளந்தண்டுக் காயங்களுக்கான முதலுதவி

2009 பங்குனி மாதம். மாத்தளனில் எங்கள் தறப்பாளுக்குப் பக்கத்தில் செல் விழுந்தது. அடுத்த தறப்பாளில் இருந்த பெடியனுக்கு முதுகில் காயம். நான் அவனுடைய கைகளைப் பிடித்தேன், தமையன் கால்களைப் பிடித்தார். அப்படியே தூக்கிக்கொண்டு பங்கருக்கு ஓடினோம். அடுத்த செல் எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாத நேரத்தில் அதைத் தவிர வேறு முதலுதவி இருக்கவில்லை.

இன்று அவன் சக்கர நாற்காலியில் இருக்கிறான். முண்ணாணை அறுத்தது செல் துண்டா, நாங்கள் தூக்கியபோது விலகிய எலும்பா என்று இனி எந்த வைத்தியராலும் சொல்ல முடியாது. அவன் ஒருநாளும் என்னிடம் அதைக் கேட்டதில்லை.

சண்டை முடிந்த பிறகு முதலுதவிப் பயிற்சி எடுத்தேன். இப்போது ஊர்களில் சொல்லிக்கொடுத்தும் வருகிறேன். அங்கெல்லாம் நான் காண்பது ஒன்றுதான்: செல்லுக்குள் பழகிய பழக்கம் எங்களை விட்டுப் போகவில்லை. ஏ9 வீதியில் மோட்டார் சைக்கிள் விபத்து நடந்தால் நாலு பேர் ஓடி வருகிறோம். "தூக்குங்கோ, தூக்குங்கோ" என்று சத்தம் போடுகிறோம். விழுந்தவரை மடித்து ஓட்டோவின் பின் இருக்கைக்குள் திணிக்கிறோம். நல்ல மனதோடுதான் செய்கிறோம். ஆனால் இப்போது மேலே இருந்து எதுவும் விழவில்லையே.

முள்ளந்தண்டு என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எலும்புகள். நடுவில் உள்ள துவாரத்தின் ஊடாக முண்ணாண் போகிறது. மொத்தத்தில் அது ஒரு சின்ன விரல் அளவுதான். எலும்பு உடைந்தும் முண்ணாண் சேதப்படாமல் இருக்கலாம். அந்த நிலையில் கழுத்தை மடித்தால், அல்லது உடம்பை முறுக்கினால், உடைந்த எலும்பு நகர்ந்து முண்ணாணை நசுக்கிவிடும். பிறகு அது பழையபடி வளராது. நாரியில் நடந்தால் கால்கள் போகும், சலம் மலம் கட்டுப்பாடும் போகும். கழுத்தில் நடந்தால் கைகளும் போகலாம். கழுத்தின் மேற்பகுதியில் நடந்தால் மூச்சே நின்றுவிடும்.

ஆகவே பனையில் இருந்து விழுந்த சீவல் தொழிலாளி, கிணற்றுக்குள் விழுந்தவர், வாகனத்தில் இருந்து தூக்கி எறியப்பட்டவர் எல்லோருக்கும் முள்ளந்தண்டு உடைந்திருக்கிறது என்றே முதலில் நினைத்துக்கொள்ளுங்கள். கழுத்தும் முதுகும் நோகுது, கால் விறைக்குது, அசைக்க ஏலாது என்று அவர் சொன்னால் சந்தேகமே வேண்டாம். ஆனால் நோவு இல்லை என்று சொன்னாலும் எழுப்பி உட்கார வைக்கவேண்டாம்.

ஒருவர் தலைமாட்டில் முழங்காலிட்டு, இரண்டு காதுப் பக்கமும் கைகளை வைத்துத் தலையை அசையாமல் பிடிக்க வேண்டும். தலை ஒரு பக்கம் திரும்பியிருந்து, நேராக்கும்போது நோவு கூடினால் அல்லது தடுத்தால், அப்படியே விட்டுவிடுங்கள். மற்றவர் 1990க்கு அழைக்க வேண்டும். அந்த அம்புலன்ஸ் சேவை இலவசம். 2018 முதல் வடக்கிலும் ஓடுகிறது. இடத்தைச் சொல்லும்போது ஊர்ப் பெயர் மட்டும் போதாது; பக்கத்தில் உள்ள கோயில், பாடசாலை, சந்தி எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம். மூச்சு விடவில்லை, அல்லது சத்தி வாயை அடைக்கிறது என்றால் மட்டும் இரண்டு பேராகச் சேர்ந்து, ஒருவர் கழுத்தைத் தாங்க மற்றவர் மெதுவாகக் கழற்றலாம். தண்ணீர், சோடா, தேத்தண்ணி ஒன்றும் பருக்க வேண்டாம். எங்கள் ஆட்களுக்கு இதுதான் கஷ்டம். மயங்கிக் கிடப்பவருக்குத் தண்ணீர் கொடுக்காவிட்டால் பாவம் என்று நினைப்பார்கள். அந்தத் தண்ணீர் சுவாசப்பைக்குள் போகும்.

அசைக்கக் கூடாது என்பதற்கும் விலக்கு உண்டு. தீ, நடுவீதி, இடியப்போகும் சுவர், மூச்சின்மை. மூச்சு நின்றால் முதுகைப் பற்றி யோசிக்காமல் நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். உயிர் இருந்தால்தான் கால் தேவை. சத்தி எடுத்தால் தலை, தோள், இடுப்பு மூன்றும் ஒரே நேரத்தில் மரக்குற்றி போல உருளும்படி மூன்று நாலு பேராகப் பக்கவாட்டில் திருப்புங்கள். தலையைப் பிடித்திருப்பவரே "இப்ப" என்று சொல்ல வேண்டும். அம்புலன்ஸ் வர முடியாத உட்கிராமமாக இருந்தால், அதே முறையில் உருட்டி ஒரு கதவுப் பலகையில் ஏற்றுங்கள். சாரத்திலோ போர்வையிலோ தொட்டில் மாதிரித் தூக்கவேண்டாம். ஏற்றுமுன் காற்சட்டையின் பின் பையில் உள்ள போனையும் திறப்பையும் எடுத்துவிடுங்கள். உணர்ச்சி இல்லாத உடம்பில் சில மணித்தியாலத்திலேயே அழுத்தப் புண் தொடங்கிவிடும்.

தலைக்காயம் ஏமாற்றும். மண்டைத் தோலில் சின்ன வெட்டு என்றாலும் இரத்தம் கொட்டும். சுத்தமான துணியால் அழுத்தினால் பெரும்பாலும் நிற்கும். ஆனால் எலும்பு உள்ளே பதிந்திருந்தால் அதன்மேல் அழுத்தாமல், சுற்றிவரத் துணி வைத்து மூடுங்கள். குத்தி நிற்கும் கம்பியையோ துண்டையோ இழுக்க வேண்டாம். காதிலோ மூக்கிலோ தண்ணீர் மாதிரி வடிந்தால் பஞ்சு வைத்து அடைக்கவும் வேண்டாம்.

எனக்குப் பயம் தருவது இரத்தமே இல்லாத தலையடிதான். விழுந்தவர் கொஞ்ச நேரம் மயங்குவார், பிறகு எழும்பி "எனக்கு ஒண்டுமில்லை" என்பார், வீட்டுக்குப் போய்ப் படுப்பார். உள்ளே மண்டையோட்டுக்கும் மூளைக்கும் இடையில் இரத்தம் சேர்ந்துகொண்டிருக்கும். காலையில் எழுப்பினால் எழும்பமாட்டார். குடித்திருந்தவர் என்றால் "வெறி முறியட்டும்" என்று விட்டுவிடுகிறோம். அப்படிப் போன உயிர்கள் உண்டு. ஒரு நிமிடம் மயங்கினாலும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். கூடிக்கொண்டே போகும் தலையிடி, திரும்பத் திரும்பச் சத்தி, குழறும் பேச்சு, வலிப்பு, ஒரு கண்மணி மற்றதைவிடப் பெரிதாக இருப்பது, எழுப்ப முடியாத நித்திரை, இவற்றில் ஒன்று கண்டாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை போடும் வயதானவர்களுக்குச் சின்ன அடியே போதும்.

இன்னொன்று எங்கள் சனத்துக்கு மட்டும் உரியது. எங்களில் பலருக்கு உடம்புக்குள் இன்னும் செல் துண்டுகள் இருக்கின்றன, சிலருக்குத் தலைக்குள்ளேயே. சிரி ஸ்கானுக்கு அதனால் ஆபத்து இல்லை. ஆனால் எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் காந்தம் இரும்புத் துண்டை அசைக்கவும் சூடாக்கவும் கூடும். நீங்களே மயங்கிக் கிடந்தால் அதைச் சொல்ல முடியாது. வீட்டில் உள்ளவர்களுக்கு, பிள்ளைகளுக்கும்தான், எந்த இடத்தில் துண்டு இருக்கிறது என்று சொல்லி வையுங்கள். பழைய எக்ஸ்ரே படம் இருந்தால் எறியாமல் வையுங்கள். பிள்ளைகளிடம் அந்தக் கதையை எடுக்க விரும்பாத பெற்றோரை எனக்குத் தெரியும். இதை மட்டுமாவது சொல்லுங்கள்.

கூடப் போகிறவர் வைத்தியரிடம் சொல்ல வேண்டியவை கொஞ்சம்தான்: எத்தனை மணிக்கு விழுந்தார், மயங்கினாரா, எவ்வளவு நேரம், விழுந்தவுடன் கை கால் அசைந்ததா. கடைசிக் கேள்வி முக்கியம். முதலில் அசைந்த கால் பிறகு அசையாமல் போனால், அமுக்கம் கூடுகிறது என்று வைத்தியர் விளங்கிக்கொண்டு அவசரமாகச் செயற்படுவார். மாத்தளனில் அந்தப் பெடியனைக் கொண்டுபோய்க் கிடத்தியபோது என்னிடம் கேட்டதும் அதைத்தான். நான் பார்க்கவில்லை.