டிராக்டர் எஞ்சின் ஜாம் ஆகிவிட்டதா?

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரங்களில் ஆடி, ஆவணியில் புழுதி உழவும் விதைப்பும் முடிந்தால் டிராக்டருக்கு வேலை குறைவு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வண்டி வெளியிலேயே நிற்கும். நிமிர்ந்த சைலன்சர் வழியே மழைநீர் இறங்கினால், சிலிண்டரில் துரு ஏறி பிஸ்டன் அசையாது. வானம் பார்த்த ஒரு போக நெல்லை நம்பியிருப்பவருக்கு வேறு எஞ்சின் வாங்குவது பெரும் சுமை. முதலில் பழையதை மீட்க முயல வேண்டும்.

ஜாம் ஆன வண்டியைக் கயிறு கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்யக் கூடாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இன்ஜெக்டர்களைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து சிறிது ஊற்றி, இரண்டு மூன்று நாள் ஊறவிட வேண்டும். பிறகு கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டு முன்னும் பின்னும் மெதுவாக அசைக்க வேண்டும். சுழன்றால், ஊற்றியது முழுவதும் வெளியேறும்வரை இன்ஜெக்டர் மாட்டாமலே சுற்றி, ஆயிலை மாற்றியபின் ஸ்டார்ட் செய்யலாம்.

தண்ணீரோ ஆயிலோ இல்லாமல் ஓடி, சூடேறி ஜாம் ஆன எஞ்சினைக் கட்டாயம் பிரிக்க வேண்டும். பிளாக் நன்றாக இருந்தால் லைனர், பிஸ்டன், ரிங் மாற்றி, தேவையானால் கிராங்க் கிரைண்டிங் செய்து பேரிங் போடலாம். பிளாக் உடைந்திருந்தால் அதே மாடல் பழைய எஞ்சின் பார்க்கலாம். ஆறிய நிலையில் ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்ல வேண்டும். ஆயில் பால்போல் வெளுத்திருந்தாலும், பிரீதரில் புகை தள்ளினாலும் வாங்க வேண்டாம். பில் பெற்று, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்து, புதிய எஞ்சின் எண்ணை ஆர்.சி.யில் பதிந்துகொள்வது அவசியம்.

ரேடியேட்டர், வாட்டர் பம்ப், ஆயில் பம்ப் ஆகியவற்றைச் சரிபார்க்காவிட்டால் மாற்றிய எஞ்சினும் அதே வழியில் போகும். மழைக்காலத்தில் சைலன்சர் வாயில் தகர டப்பா ஒன்றைக் கவிழ்த்து வைத்தால், துருவால் வரும் இந்தச் செலவு மிஞ்சும். ஸ்டார்ட் செய்யுமுன் டப்பாவை எடுக்க மறக்கக் கூடாது.