தட்டை நாட்டினர் ஏறும் மலை

நெதர்லாந்து தட்டையான நாடு. சைக்கிள் இல்லாத வீட்டை அங்கே காண்பது அரிது. மலையைக் காண்பது அதனினும் அரிது! ஆகவே, புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட எண்ணிய அந்நாட்டினர் சிலர், 2006-ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டின் ஆல்ப் டுயெஸ் மலையைத் தேடிச் சென்றனர்.

ஏன் அந்த மலை? 1976 முதல் 1989 வரை 'டூர் தெ பிரான்ஸ்' பந்தயத்தில் எட்டு முறை அம்மலையில் வென்றவர்கள் டச்சுக்காரர்கள். அவ்வூர்ப் பங்குக் குருவாயிருந்த டச்சுத் தந்தை யாப் ராய்டன், தம் நாட்டவர் வென்றால் ஆலய மணியை ஒலிப்பாராம்!

பாதை ஏறத்தாழ 14 கிலோமீட்டர். கொண்டை ஊசி வளைவுகள் 21. நூறு மீட்டர் சென்றால் சராசரியாக எட்டு மீட்டர் உயர்கிறோம். ஒரே நாளில் ஆறு முறை ஏறுவதே இவர்கள் இலட்சியம்.

சமதரையில் தோழி முன்னே சென்றால் காற்றை அவள் தடுப்பாள். பின்னால் வருபவளுக்கு மிதிப்பது எளிது. ஏற்றத்திலோ வேகம் குறைவு. காற்று ஒரு பொருட்டன்று. அவரவர் உடற்பாரத்தை அவரவரே மேலே கொண்டு செல்ல வேண்டும். முன்னே சிறிய பல்சக்கரம், பின்னே பெரியது என மாற்றினால் மிதி இலகுவாகும், சுற்றுகளோ கூடும். உழைப்பில் தள்ளுபடி கிடையாது! பின் கூட்டாளிகள் எதற்கு? களைத்தவரைப் பெயர் சொல்லி அழைக்கத்தான்.

முன்னதாகவே ஒவ்வொருவரும் உற்றார், அண்டை வீட்டாரிடம் நன்கொடை கேட்கின்றனர். மலையேறாமலே கேட்கலாமே என்பீர்கள். கேட்கலாம்; ஆனால் வியர்வை சிந்தத் துணிந்தவரிடம் கைவிரிப்பது கடினம்.

விடியுமுன் இருட்டிலேயே புறப்படுகிறார்கள். நோயால் மறைந்தோர் நினைவாக ஏற்றிய மெழுகுவர்த்திகள் வளைவுகளில் எரிகின்றன.