பெயருக்கு முன்பே நம்பர்! தமிழ்நாட்டுத் தாய்-சேய் நல அதிசயங்கள் தெரியுமா?

தமிழ்நாட்டில் 100 பிரசவம் நடந்தால், அதில் எத்தனை ஆஸ்பத்திரியில் நடக்கின்றன? 90? 95? இல்லை, 99.6! 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின் கணக்கு இது. வீட்டில் பிரசவம் என்பதே இங்கே அபூர்வம்!

தாய்-சேய் நலத்தைச் சட்டத்திலேயே எழுதிவைத்தது எப்போது தெரியுமா? 1939! சுதந்திரத்துக்கு 8 ஆண்டுகள் முன்பே! நாட்டிலேயே முதல் பொதுச் சுகாதாரச் சட்டம் இந்த சென்னை மாகாணச் சட்டம்தான்!

எழும்பூர் தாய்-சேய் ஆஸ்பத்திரிக்கு என்ன வயது? தொடங்கியது 1844-ல்! 180 வயதைத் தாண்டியும் இன்றுவரை அங்கே குவா குவா சத்தம் ஓயவில்லை!

ஏழைக் கர்ப்பிணிகளுக்கான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி எவ்வளவில் தொடங்கியது? வெறும் 300 ரூபாய்! 2006-ல் 6,000. 2011-ல் 12,000. 2018-ல் 18,000! 300-லிருந்து 60 மடங்கு!

அதில் 4,000 ரூபாய் ஊட்டச்சத்துப் பெட்டகமாகவே கைக்கு வந்துவிடும். உள்ளே பேரீச்சம்பழம், நெய், சத்துமாவு, இரும்புச்சத்து டானிக்!

அந்த முத்துலட்சுமி ரெட்டி யார்? 1927-லேயே சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குள் நுழைந்த டாக்டர்! பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர்!

பெயர் வைப்பதற்கு முன்பே குழந்தைக்கு நம்பர் வந்துவிடும், தெரியுமா? கர்ப்பத்தைப் பதிவு செய்ததுமே 12 இலக்க எண்! பிறப்புச் சான்றிதழ் வாங்கும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள்!

ஆரம்ப சுகாதார நிலையத்தில் வளைகாப்பு பார்த்திருக்கிறீர்களா? சந்தனம், குங்குமம், கை நிறைய வளையல்! கூடவே எடை, ரத்தசோகைப் பரிசோதனை!

மலைக்கிராமத்தில் நள்ளிரவில் வலி கண்டால்? அதற்கும் திட்டம் உண்டு! பிரசவ நாள் நெருங்கும்போதே கீழே வந்து தங்கிக்கொள்ளத் தனி அறைகள்!

பஸ் ஸ்டாண்டில் பசியால் அழும் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு தாய் என்ன செய்வாள்? 2015-ல் ஒரே வீச்சில் 350-க்கும் மேற்பட்ட பாலூட்டும் அறைகள்!

அரசு ஊழியரான தாய்க்கு மகப்பேறு விடுப்பு எவ்வளவு? 6 மாதம் 9 ஆனது. 2021-லிருந்து 12 மாதம்! சம்பளத்தோடு முழுசாக ஒரு வருடம்!

ஒரு தாய் இறந்துபோனால்? 24 மணி நேரத்துக்குள் தகவல் மேலே போயாக வேண்டும்! யார் தவறு என்று தேடுவதற்கல்ல. ரத்தம் கிடைக்கத் தாமதமா, வண்டி வரத் தாமதமா என்று தோண்டி எடுத்து, அடுத்த தாயைக் காப்பாற்றுவதற்கு! 1990-களிலேயே தொடங்கிவிட்ட வழக்கம் இது!

பலன்? மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்! 2001-03-ல் உயிருடன் பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 134 தாய்மார் இறந்தார்கள். 2018-20-ல் அது 54! 2030-க்குள் 70-க்குக் கீழே என்பது உலக இலக்கு. 10 ஆண்டுகளுக்கும் மேல் முன்னதாகவே தொட்டாயிற்று!

ஆனாலும் அந்த 54-ம் வெறும் எண்ணா? ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் விளக்கு! உங்கள் வீட்டிலோ தெருவிலோ கர்ப்பிணி இருக்கிறாரா? 12 வாரத்துக்குள் பதிவு செய்யச் சொல்லுங்கள். உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரிடம் இன்றே ஒரு வார்த்தை சொன்னால் போதும்!