இன்னொரு மூடிய கதவு
(சர்க்கரையும் நாமும் – 7)

தேவதானப்பட்டி என்றதும் நினைவுக்கு வருபவள் மூங்கிலணை காமாட்சி. மஞ்சளாற்றங்கரைக் கோயிலில் அவள் சன்னதிக் கதவு திறப்பதில்லை. அடைத்த கதவுக்குத்தான் பூசை, தேங்காய், கற்பூரம் எல்லாம். அங்கே மூடிய கதவே அருள். நம் உடம்பிலும் ஒரு கதவு உண்டு. அது மூடினால் நோய்.

அந்த ஊர் மாந்தோப்புகளில் முப்பது வருடம் உழைத்தவர் என் மாமா ஒருவர். சர்க்கரை வந்து பத்து வருடம். போன சீசனில் பார்த்தேன். குந்தி உட்கார்ந்து காய் பொறுக்கியவர், எழும்போது ஒரு கையைத் தொடையில் ஊன்றினார், மறு கையால் மரத்தைப் பிடித்தார், நின்று மூச்சு வாங்கிய பிறகே அடியெடுத்து வைத்தார். "கூடை கனக்கல மாப்ள, காலுதான் கனக்குது" என்றார். வயசாகிவிட்டது என்பது அவர் கணக்கு. வயசு மட்டும் காரணமில்லை.

சாப்பிட்ட பின் ரத்தத்தில் சேரும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தசைதான். இன்சுலின் வந்து தட்டினால் தசைச் செல்லின் கதவு திறக்கும். நீரிழிவில் அந்தத் தட்டலுக்குத் தசை சரியாகச் செவிகொடுப்பதில்லை. வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடியும் மடை திறக்காத வயல் காய்வதுபோல, ரத்தம் நிறையச் சர்க்கரை இருந்தும் தசை வாடுகிறது.

இதோடு நிற்பதில்லை. தசைப் புரதம் கரையாமல் காப்பதும் இன்சுலின்தான். அந்தக் காவல் தளரும்போது தசை மெலிகிறது. தசைக்கு உத்தரவு கொண்டுபோகும் நரம்பு பழுதானால் பலம் இன்னும் குறைகிறது. நுண்ணிய ரத்தக்குழாய்கள் கெட்டு, செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் மந்தமானால் தம் போய்விடுகிறது. பாதி மேட்டிலேயே கால் சோர்வது இதனால்தான். அமெரிக்காவில் எழுபது வயதைக் கடந்தவர்களை மூன்று வருடம் கவனித்த ஆய்விலும், நீரிழிவு உள்ளவர்களுக்குக் கால் பலம் மற்றவர்களைவிட வேகமாகக் குறைந்தது தெரிந்தது.

2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.–இண்டியாப் ஆய்வின்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு. தமிழ்நாட்டில் நூறு பெரியவர்களில் பதினான்கு பேருக்கு மேல். இத்தனை பேரும் ரத்தச் சர்க்கரையைப் பார்க்கிறோம். தொடையின் பலத்தை எத்தனை பேர் பார்க்கிறோம்?

அதை வீட்டிலேயே பார்க்கலாம். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால், தசை குறைந்திருக்கலாம் என்று எச்சரிக்கிறது ஆசிய நிபுணர் குழுவின் 2019 வரையறை.

நல்ல செய்தியும் உண்டு. தசை சுருங்கி விரியும்போது, இன்சுலின் தட்டாமலே அந்தக் கதவு திறக்கிறது. ஒருநாள் உழைப்பின் பலன் மறுநாள் வரைக்கும்கூட நீடிக்கும். அதனால்தான் சேர்ந்தாற்போல் இரண்டு நாளுக்கு மேல் உடற்பயிற்சியை விடக்கூடாது என்கிறார்கள். வாரத்துக்கு 150 நிமிடம் வேகநடை தம்மைக் கூட்டும். ஆனால் பலத்துக்கு நடை மட்டும் போதாது. வாரம் இரண்டு மூன்று நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கையூன்றித் தள்ளுவது, தண்ணீர்ப் பாட்டிலைத் தூக்கி இறக்குவது என்று தசைக்குச் சுமை கொடுக்க வேண்டும். தட்டில் சோற்றைக் குறைத்துப் பயறு, முட்டை, மீன் சேருங்கள். சிறுநீரகப் பாதிப்பு இருந்தால் புரத அளவை மருத்துவர் சொல்லட்டும்.

இன்சுலின் போடுபவர்களுக்கும், சில மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்கும் பயிற்சியின்போது சர்க்கரை சட்டென்று இறங்கலாம். கண்ணில் பாதிப்போ காலில் மரமரப்போ இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால் சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. கால் பலம் அப்படி வந்து சேராது. அதை நாம்தான் சம்பாதிக்க வேண்டும். இன்று இரவு சாப்பிட்டதும் படுக்கையைத் தேடாதீர்கள். தெருவில் பத்து நிமிடம் நடந்துவிட்டு வாருங்கள்.